அறுபது சிவப்புக் கோட்டுகள்

சுலோசனா அக்கா ஏழு வருடமாக ஆசைப்பட்டது ஒரு ஸ்டூலுக்கு.

மைசூர் ஹெப்பாளில் நான் டைப்பிஸ்டாக இருந்த சட்டைத் தொழிற்சாலையில் செக்கிங் மேஜைக்கு நாற்காலி கிடையாது. தைத்து வந்த சட்டையில் குறை தேடுகிறவர்கள் நின்றுகொண்டுதான் தேட வேண்டும். உட்கார்ந்தால் கண் அசந்துவிடும் என்பது நிர்வாகத்தின் எண்ணம். காலை எட்டரைக்கு மேஜைக்கு மேலே எரியத் தொடங்கும் குழல்விளக்கு மாலை ஆறுக்குத்தான் அணையும். நடுவில் சாப்பாட்டுக்கு அரைமணி, இரண்டு தடவை டீ. ஒரு நாளில் ஒருவர் கையில் எழுநூறு, எண்ணூறு சட்டை போகும். காலர், முன்பட்டி, பொத்தான், கைப்பட்டி, அடிமடிப்பு, பிறகு உள்ளே திருப்பித் தையல். குறை தெரிந்தால் அந்த இடத்தில் சின்ன அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி, திருத்தித் தைக்கும் ஆல்டருக்கு அனுப்ப வேண்டும். தெரியாவிட்டால் உள்பக்கம் தன் நம்பரை முத்திரை குத்த வேண்டும். அக்காவின் நம்பர் பதினாலு.

அப்போது அவருக்கு முப்பத்தெட்டு வயது. முழங்காலுக்குக் கீழே நரம்புகள் முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்தன. ஆஸ்பத்திரியில் டாக்டர், இனி அதிக நேரம் நிற்கக் கூடாது என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். அக்கா மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு அடுத்த நாள் மேஜைக்கு வந்துவிட்டார். ஒரு காலில் கனத்தைப் போட்டு இன்னொரு காலுக்கு ஓய்வு கொடுப்பார். பத்து நிமிடம் கழித்துக் கால் மாற்றுவார். தூரத்திலிருந்து பார்த்தால் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி இருக்கும்.

மிஷினில் தைக்கிறவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் முப்பது வயதுக்கு மேல் மிஷினுக்கு எடுப்பதில்லை. மீதி இருந்தது சாம்பிள் ரூம். ஜன்னலோரம் ஆறு ஸ்டூல். ஆறு பெண்கள் உட்கார்ந்து, வெளிநாட்டுக்கு மாதிரியாக அனுப்பும் சட்டைகளைக் கையால் முடித்துக் கொடுப்பார்கள். அதில் ஒருவர் பிப்ரவரி மாதக் கடைசியில் ஓய்வு பெறுவதாக இருந்தது. அந்த இடம் செக்கிங்கில் ஒருவருக்குத்தான் என்று மேனேஜர் விஜய்குமார் சொல்லியிருந்தார். யாருடைய நம்பர் போட்ட சட்டைகள் அதுவரையிலான ஒரு வருடத்தில் மிகக் குறைவாகத் திரும்பி வந்தனவோ, அவருக்கு. பதினாலாம் நம்பரில் அந்த வருடம் திரும்பி வந்தது இரண்டே சட்டை. அடுத்தபடியாக சுசித்ரா என்ற பெண்ணுக்கு ஐந்து. ஸ்டூல் அக்காவுக்குத்தான் என்று கேண்டீனில்கூடப் பேச்சு வந்துவிட்டது. அக்கா அதைப் பற்றிப் பேசமாட்டார். ஒரே ஒரு தடவை, பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் உட்கார இடம் கிடைத்தபோது, "இதாட்ட உக்காந்துட்டே வேல பாத்தா ராத்திரி காலு வலிக்காதுல்லொ அம்மிணி?" என்று கேட்டார். கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நாங்கள் இருவருமே மேட்டகள்ளியில் அடுத்தடுத்த தெருவில் இருந்தோம். அக்காவின் ஊர் கோபிநத்தம். கல்யாணமாகி மைசூருக்கு வந்து பன்னிரண்டு வருடம். சந்தனமரக் கடத்தல்காரனைத் தேடிக் காட்டுப் பக்கம் போலீஸ் ஜீப்புகள் அதிகமான பிறகு ஊருக்குப் போவதையே குறைத்துக்கொண்டார்கள். வீட்டுக்காரர் கந்தசாமி கொத்தனார் வேலை பார்த்தார். நல்ல மனிதர். எதையும் விளையாட்டாகவே பேசுவார். அக்கா சிரிக்காமல் பதில் சொல்வார். அவர்கள் வீட்டுப் பேச்சு அப்படித்தான் ஓடும்.

தொண்ணூற்றாறு ஜனவரியில் தொழிற்சாலைக்கு விநோதமான ஆர்டர் ஒன்று வந்தது. ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் பக்கத்தில் ஆற்றங்கரை வெளியில் வெளிநாட்டுக்காரர்கள் டெலிவிஷனுக்குப் படம் எடுக்கிறார்கள்; நூற்றிருபது சிப்பாய்களுக்குச் சிவப்புக் கோட்டு வேண்டும். அவர்கள் நாட்டில் நூறு வருடத்துக்கு மேலாகப் படிக்கப்படும் ஒரு பழைய போர் நாவலைத்தான் படமாக எடுக்கிறார்கள் என்று வந்தவர்கள் சொன்னார்கள். ஒரு கோட்டை, அதை முற்றுகையிடும் ஒரு படை, ரகசியக் கடிதத்தோடு தப்பித்து ஆற்றைக் கடக்கும் ஒரு சிப்பாய். இரண்டு பாகமாக அங்கே டெலிவிஷனில் போடுவார்களாம். இங்கே யாரும் பார்க்கப்போவதில்லை.

சட்டை தைத்தே பழகிய கைகளுக்குக் கம்பளித் துணி சரிப்படவில்லை. துணியும் பெங்களூரில் எங்கோ கிடந்த பழைய சரக்கு. தொட்டால் விரலில் சிவப்பு ஒட்டியது. அக்கா அதைச் சூப்பர்வைசரிடம் சொன்னார். துணி அவர்கள் கொடுத்தது, நீ தையலை மட்டும் பார் என்று பதில் வந்தது. நூற்றிருபது கோட்டையும் அக்கா ஒருவரே பார்த்து முத்திரை குத்தினார். மற்றவர்களுக்குச் சட்டை ஆர்டர் இருந்தது.

அந்த மாதம் கட்டட வேலை மந்தம். மேஸ்திரி ஒருவர் ஆட்களைத் திரட்டிக்கொண்டு படப்பிடிப்புக்குப் போனார். கந்தசாமி சிப்பாய் ஆனார். தினமும் வெயிலில் வரிசையாக நடப்பதுதான் வேலை. சாப்பாடு நன்றாக இருந்தது. ஆனால் முதல் நாளே கழுத்தில் சிவந்த கோடு விழுந்திருந்தது.

"குண்டு வந்து என்னையக் கொல்ல வேண்டியதில்ல புள்ள. உங்க கம்பெனிக் காலரே போதும்."

"கழுத்து எருமையாட்ட இருந்தா காலரு என்னங்க பண்ணும்?"

இதை அக்கா அடுத்த நாள் என்னிடம் சொன்னபோது முகத்தில் கொஞ்சம் கவலை தெரிந்தது. அளவு அவர்கள் கொடுத்த சார்ட்டில் இருந்ததுதான், தையல் மாறவில்லை என்று தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார்.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை, படக் கம்பெனி வேன் கேட்டில் பெரிய சாக்குக் கட்டு ஒன்றையும் ஒரு கடிதத்தையும் இறக்கிவிட்டுப் போனது. விஜய்குமார் சனிக்கிழமைகளில் பெங்களூர் ஆபீசுக்குப் போய்விடுவார். வெளியிலிருந்து வரும் கடிதத்தை அவர்தான் பிரிக்க வேண்டும் என்பது ஆபீஸ் வழக்கம். கடிதத்தை அவர் மேஜைத் தட்டில் நான் வைத்தேன்.

கட்டுக்குக் கேட்டில் சீட்டு எழுத வேண்டும். காவலாளி கெம்பையனிடம் இரண்டு சீட்டுப் புத்தகங்கள்தான் உண்டு. ஒன்று, துணி, நூல், பொத்தான் உள்ளே வருவதற்கு. இன்னொன்று, அனுப்பிய சரக்கு குறை என்று திரும்பி வருவதற்கு. தைத்து முடித்த துணி வேறு எந்தக் காரணத்துக்காகவும் அந்தக் கேட்டுக்குள் வந்ததில்லை. கெம்பையன் இரண்டாவது புத்தகத்தில் சீட்டைக் கிழித்து, அறுபது உருப்படி என்று எழுதிக் கட்டின் மேல் செருகி, செக்கிங்குக்கு அனுப்பிவிட்டார்.

திரும்பி வந்த சரக்கு என்றால் எங்கள் தொழிற்சாலையில் கேள்வியே கிடையாது. முதலில் உருப்படிக்கு ஒரு தாள் எழுத வேண்டும். அந்தத் தாளில் சட்டையின் முன்பக்கமும் பின்பக்கமும் கோட்டுப் படமாக அச்சடித்திருக்கும். எந்த இடத்தில் குறையோ அந்த இடத்தில் வட்டம் போட்டு அளவு எழுத வேண்டும். தாளைப் பார்த்து ஆல்டர் செய்து, தாளை ரிஜிஸ்டரில் சேர்க்க வேண்டும். ரிஜிஸ்டர் திங்கட்கிழமை மேனேஜர் மேஜைக்குப் போகும்.

அக்கா சாக்கைப் பிரித்தார். மேலே இருந்த கோட்டில் வலது முழங்கை கிழிந்து நூல் தொங்கியது. அடுத்ததில் தோளில் கருகிய ஓட்டை. ஒன்றில் மார்பில் உள்ளங்கை அகலத்துக்கு மண்ணிறக் கறை. பாதிக்கு மேல் சாயம் வெளுத்து, அடிமடிப்பு பிய்ந்து, பொத்தான் போய், சேறு காய்ந்து கிடந்தது. ஒவ்வொன்றின் உள்ளேயும் பதினாலு என்று முத்திரை.

பக்கத்து மேஜை பாக்கியலட்சுமி எட்டிப் பார்த்துவிட்டு, படம் எடுக்கிறவர்கள் பட்டாசு வெடித்திருப்பார்கள், அதற்கு நாம் என்ன செய்வது என்றாள். அக்கா ஒரு கோட்டின் கைக்குழியைத் திருப்பி விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"எது நாம பண்ணுனது, எது அவங்க பண்ணுனதுன்னு யாரு பிரிச்சுப் பாக்கறாங்க? நம்பரு எம்படது" என்றார்.

துணி மோசம் என்று அவருக்கு முன்பே தெரியும். சொல்லியும், முத்திரை குத்தியது அவர் கை. மூன்றே வாரத்தில் இப்படி நைந்து வந்திருக்கிறது என்றால் அவருக்கு அதில் சந்தேகப்பட ஒன்றும் இல்லை. இரண்டு திரும்பல் அறுபத்திரண்டு ஆகும். ஸ்டூல் போய்விடும்.

அறுபது தாளையும் எழுதினார். அது இல்லாமல் வேலை ஓடாது. ஆனால் ரிஜிஸ்டரில் சேர்க்கவில்லை. பாக்கியலட்சுமியையும் இன்னும் மூன்று பெண்களையும் கூப்பிட்டுக்கொண்டார். திங்கட்கிழமை சார் வருவதற்குள் இவை புதுசாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் என்றார். சட்டை ஏற்றுமதி ஒன்று அவசரமாகப் போகவேண்டியிருந்ததால் ஞாயிற்றுக்கிழமையும் தொழிற்சாலை திறந்திருந்தது. அந்த இரண்டு நாளும் ஐந்து பேரும் வேறெதையும் பார்க்கவில்லை. கட்டிங்கில் மீந்த சிவப்புத் துணியிலிருந்து இழை இழையாக உருவி, அந்த இழையாலேயே ஓட்டைகளை நெய்தார்கள். கிழிசலுக்குப் பின்னால் துணி வைத்து ஓரம் தெரியாமல் இழுத்தார்கள். சேற்றைத் தட்டி, குளிர்ந்த தண்ணீரில் அலசி, கறையை எடுத்து, வெளுத்த இடங்களில் சாயம் தொட்டு, பொத்தான் வைத்து, நீராவி இஸ்திரி போட்டார்கள். ஞாயிறு மாலை ஐந்துக்கு அறுபது கோட்டும் பாலிதீன் உறைக்குள் ஹேங்கரில் தொங்கின. அக்கா தாள்களைச் சுருட்டித் தன் சாப்பாட்டுப் பையின் அடியில் வைத்துக்கொண்டார்.

வீட்டில் கந்தசாமி கேட்டதற்கு ஓவர்டைம் என்று மட்டும் சொன்னாராம். மூன்று வாரமாக, திரும்பி வராத மற்ற அறுபதில் ஒரு கோட்டில்தான் அவர் நடந்துகொண்டிருந்தார். கடைசிச் சண்டைக்கென்று தனியாக ஏதோ தயாராகிறது என்பது அவருக்கும் தெரியாது.

திங்கட்கிழமை விஜய்குமார் பத்து மணிக்குக் கடிதத்தைப் பிரித்தார். படித்ததும் எழுந்து செக்கிங் பக்கம் நடந்தார். நானும் பின்னால் போனேன். கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான்: ஆட்களுக்குக் கழுத்து இறுக்கமாக இருக்கிறது, அறுபது கோட்டிலும் காலர்க் கொக்கியை அரை அங்குலம் தள்ளி வைக்கவும், வேறு எதையும் தொட வேண்டாம், கிழிசலும் கறையும் கடைசிச் சண்டைக்காகச் செய்யப்பட்டவை. உறைக்குள் பளபளவென்று தொங்கிய கோட்டுகளை விஜய்குமார் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். "இதன்ன யாரு மாடித்து?" என்று யாரையும் பார்க்காமல் கேட்டார். யார் செய்தது என்று சொல்ல ஆள் வேண்டியிருக்கவில்லை. ஐந்து பேரும் முன்னால் வந்து நின்றிருந்தார்கள்.

பதினொரு மணிக்குக் கோட்டுகளை எடுத்துப்போகப் படக் கம்பெனி ஜீப் வந்தது. படத்துக்கு உடைகளைப் பார்த்துக்கொள்ளும் ஹெஸ்தர் என்ற அம்மாளே வந்திருந்தார். அறுபது வயது இருக்கும். உயரம். மணிக்கட்டு வரை இரண்டு கையிலும் டீக்கறை. எனக்கு ஆங்கிலம் வரும் என்பதால் பக்கத்தில் நிற்கச் சொன்னார்கள்.

அவர் ஒரு கோட்டை உறையிலிருந்து எடுத்தார். திருப்பிப் பார்த்தார். கண்ணாடி போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்தார். கட்டைவிரலால் முழங்கையைத் தடவினார். பிறகு அடுத்த கோட்டு. ஐந்தாறு பார்த்த பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டார். கிழிசல் எங்கே இருந்தது என்று கேட்கிறார் என்றேன். பாக்கியலட்சுமி கொஞ்சம் பெருமையாகவே முன்வந்து ஒரு முழங்கையைத் தொட்டுக் காட்டினாள். அங்கே ஒன்றும் இல்லை. இன்னொரு கையைத் திருப்பினாள். அதிலும் இல்லை. அது வேறு கோட்டாக இருக்கும் என்று சொல்லிப் பின்னால் போய்விட்டாள்.

ஹெஸ்தர் அம்மாள் கோபப்படவில்லை. அங்கிருந்த துணிக்கட்டின் மேல் உட்கார்ந்து நிதானமாக விளக்கினார். எந்தச் சிப்பாய்க்கு எந்த இடத்தில் குண்டு படுகிறதோ அதற்கேற்ற இடத்தில் ஓட்டை. மாதக்கணக்கில் துப்பாக்கி சாய்த்த தோள், தரையில் ஊன்றித் தவழ்ந்த முழங்கை என்று ஆளுக்கு ஆள் யோசித்து, துருவியாலும் கம்பித் தூரிகையாலும் தேய்த்தவை. நாளைக் காலை ஏழு மணிக்குக் கோட்டைச் சுவரை வெடி வைத்துத் தகர்க்கிறார்கள். மரத்தாலும் சுண்ணாம்பாலும் கட்டிய சுவர். ஒரு தடவைதான் விழும். மறுபடி கட்ட நேரமில்லை. புதுக் கோட்டில் யாரையும் சாகவைக்க முடியாது. அதனால் மற்ற கோட்டுகளில் ஒரே இரவில் கிழித்துப் பழசாக்க முடிந்ததை வைத்து இருபது பேரோடு எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். மற்ற ஆட்களை இன்றைக்கே அனுப்பிவிடச் சொல்லப்போகிறார்.

பிறகு, இழை ஓட்டியது யார் கை, பார்க்க வேண்டும் என்றார். விஜய்குமார் அக்காவைக் காட்டினார். அந்த அம்மாள் எழுந்து வந்து அக்காவின் வலது கையைப் பிடித்து விரல் நுனிகளைப் பார்த்தார். ஊசி குத்திக் குத்திக் கறுத்த நுனிகள். 

அதைப் பார்த்த விஜய்குமாருக்கு மனது இளகியது. தப்பு சீட்டுப் புத்தகத்தின் மேல்தான், கட்டு திரும்பிய சரக்கென்று வந்தால் இவர்கள் வேறு என்ன செய்வார்கள், இன்றைக்கே மூன்றாவது புத்தகம் அடிக்கச் சொல்கிறேன் என்று கன்னடத்தில் சொன்னார். யாருக்கும் மெமோ இல்லை. போய் வேலையைப் பாருங்கள் என்றார். நான்கு பெண்களும் நகர்ந்தார்கள்.

அக்கா நகரவில்லை. நின்ற இடத்தில் கால் மாற்றிக்கொண்டார்.

"இதெல்லாங் கிழிக்க அந்தம்மாளுக்கு எத்தன நாளாச்சுன்னு கேளு அம்மிணி."

கேட்டேன். பதினொரு நாள், உதவிக்கு இரண்டு பேரோடு.

"பதினொரு நாளு" என்றார் அக்கா. சாப்பாட்டுப் பைகள் தொங்கும் மூலைக்குப் போனார். சுருட்டிய தாள்களோடு திரும்பி வந்து மேஜைமேல் வைத்துக் கையால் நீவினார். சுருள் மறுபடி மடங்கியது. டிபன் டப்பாவை ஓரத்தில் பாரமாக வைத்தார்.

"ஒவ்வொண்ணுக்கும் எடத்தையும் அளவையும் எழுதி வெச்சிருக்கறனுங்க. ஓட்டைய நாங்க அடைக்கிலீங்க, மேலதான் இழை ஓட்டியிருக்கறோம். எடந் தெரிஞ்சா உருவிப்போடலாம். அடியில அப்படியேதான் இருக்கும்."

நான் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் ஹெஸ்தர் அம்மாள் பாதித் தாள்களைக் கையில் எடுத்துவிட்டார். சட்டைப் படத்தின் மேல் சிவப்பு வட்டங்கள், பக்கத்தில் அளவு. கருகல் என்றால் கட்டம், கறை என்றால் கோடுபோட்ட வட்டம். அவர் ஒவ்வொரு தாளாகப் புரட்டி, பேர் சொல்லி அழைப்பது போல ஏதோ முணுமுணுத்தார்.

மீதித் தாள்கள் விஜய்குமார் கையில் இருந்தன. அவர் வட்டங்களைப் பார்க்கவில்லை. மூலையில் இருந்த தேதியைப் பார்த்தார். சனிக்கிழமை. கீழே பதினாலு. அடுத்த தாள், பதினாலு. "ரிஜிஸ்டரல்லி யாக்கே பரீலில்ல?" என்றார். ஏன் எழுதவில்லை என்பதற்கு அக்கா சொல்லக்கூடிய காரணங்கள் நான்கைந்து எனக்கே தோன்றின. ஞாயிற்றுக்கிழமை, ரிஜிஸ்டர் பூட்டியிருந்தது என்று சொல்லலாம். மறந்துவிட்டேன் என்று சொல்லலாம்.

"ஸ்டூலுக்குத்தானுங்க சார்" என்றார் அக்கா.

விஜய்குமாருக்குத் தமிழ் நன்றாகப் புரியும். தாள்களை மேஜைமேல் வைத்துவிட்டு, ஆக வேண்டியதைப் பாருங்கள் என்று சொல்லிப் போனார்.

அன்று நடந்தது போல ஒரு வேலை அந்தத் தொழிற்சாலையில் அதற்கு முன்பும் நடக்கவில்லை, பின்பும் நடக்கவில்லை. சாம்பிள் ரூம் பெண்களும் வந்தார்கள். மேஜையைச் சுற்றிப் பத்துப் பேர் தையல் பிரிக்கும் கத்தியோடு நின்று, தாளைப் பார்த்து இடம் தேடி, நேற்றுக் கோத்த இழையை உருவினார்கள். பாக்கியலட்சுமி முதல் கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். தைத்ததைப் பிரித்திருக்கிறாள், நல்லதைக் கெடுத்ததில்லை. அக்கா அவள் கையிலிருந்து வாங்கி ஒரே இழுப்பில் நூலை உருவிக் காட்டினார். துணி வாய் திறந்தது. கேண்டீனில் சாம்பார்ப் பாத்திரம் நிறைய டீத்தூளைக் கொதிக்க வைத்தார்கள். பாய்லருக்குப் பின்னாலிருந்து மண் வந்தது. கோட்டுகளைத் தரையில் போட்டு வெறுங்காலால் மிதிக்கச் சொன்னார் ஹெஸ்தர் அம்மாள். அதில் மட்டும் பெண்களுக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது. மேனேஜர் சட்டை என்று நினைத்துக்கொண்டு மிதியுங்கள் என்று யாரோ சொன்னார்கள்.

அக்கா சிரிக்கவில்லை. முடிந்து வருகிற ஒவ்வொரு கோட்டையும் தாளோடு ஒத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். காலர், முன்பட்டி, பொத்தான், கைப்பட்டி. ஒன்றில் தோள் ஓட்டை தாளில் இருந்ததைவிடக் கால் அங்குலம் குறைவு என்று திருப்பி அனுப்பினார். இன்னொன்றில் கறை ஒரு விரல் தள்ளி விழுந்திருந்தது, அதுவும் திரும்பியது. பழக்கதோஷத்தில் கிழிசலுக்குப் பக்கத்தில் அம்புக்குறி ஸ்டிக்கரும் ஒட்டிக்கொண்டே போனார். ஹெஸ்தர் அம்மாள் பின்னாலேயே வந்து ஒவ்வொன்றாக உரித்தெடுத்தார். நடுவில் ஒரு தடவை அந்த அம்மாள் தான் உட்கார்ந்திருந்த மடக்கு நாற்காலியை அக்கா பக்கம் தள்ளினார். அக்கா வேண்டாம் என்று கையசைத்தார். உட்கார்ந்தால் திரும்ப எழுந்திருக்க முடியாது என்று என்னிடம் சொன்னார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

ஐந்தே முக்காலுக்கு அறுபது கோட்டும் ஜீப்பில் ஏறின. காலர்க் கொக்கியும் தள்ளி வைக்கப்பட்டிருந்தது.

பஸ்ஸில் வரும்போது, கடிதத்தை மேஜைத் தட்டில் வைத்தது நான்தான் என்று அக்காவிடம் சொன்னேன். காலையிலிருந்து சொல்ல நினைத்தது.

"பிரிச்சுப் பாக்கறது உன்ற வேல இல்லியே அம்மிணி" என்றார். அதற்குப் பிறகு மேட்டகள்ளி வரை கண்ணை மூடிக்கொண்டு வந்தார். பஸ்ஸில் உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடிதான் கண்ணை மூடியிருந்தார்.

செவ்வாய்க்கிழமை சுவர் விழுந்தது. கந்தசாமி மார்பில் குண்டு பட்டு, சரிவில் உருண்டு, அரைமணி நேரம் அசையாமல் கிடந்தார். எறும்பு கடித்தும் அசையவில்லையாம். வீட்டுக்கு வந்ததும், செத்த வீட்டுக்குப் போய் வந்த மாதிரி வாசலிலேயே அவர் தலையில் தண்ணீரை ஊற்றிய பிறகுதான் அக்கா உள்ளே விட்டார். கழுத்து சௌகரியமாக இருந்தது, நிம்மதியாகச் செத்தேன் என்று கந்தசாமி சொன்னாராம். ஸ்டூல் என்னாயிற்று என்று கேட்டதற்கு, சார் இன்னும் சொல்லவில்லை என்றாராம் அக்கா.

சார் வியாழக்கிழமை சொன்னார். என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொல்லி, சாம்பிள் ரூமுக்கான மாற்று உத்தரவை எழுதிக்கொள்ளச் சொன்னார். பெயர் வரவேண்டிய இடத்தில் நிறுத்தினார். மேஜைமேல் அந்த அறுபது தாள்களும் கிளிப் போட்டு இருந்தன. படக் கம்பெனியிலிருந்து நன்றி தெரிவித்து வந்த கடிதமும் இருந்தது. தப்பு நடந்ததற்காக நான் யார் மேலும் நடவடிக்கை எடுக்கவில்லை என்றார். யாரும் செய்கிற தப்புதான். ஆனால் செக்கிங்கில் இருப்பவர் குறையை எழுதி, அதைப் பையில் வைத்து எடுத்துப்போனார். அதற்குப் பரிசாக ஸ்டூல் கொடுத்தால் நாளை எல்லோர் பையிலும் தாள் இருக்கும். நான் தலைகுனிந்து பென்சிலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்தத் தாள்களை வெளியே எடுத்தவரும் அவர்தான் என்று சொல்ல வாய் வரை வந்தது. எனக்கு அப்படிப் பேசிப் பழக்கமில்லை. விஜய்குமார் எதிர்பார்ப்பது போல என்னைப் பார்த்தார். பிறகு சுசித்ராவின் பெயரைச் சொன்னார். டைப் அடித்தேன்.

வெள்ளிக்கிழமை காலை போர்டில் ஒட்டினார்கள். கன்னடத்தில் இருந்தது. அக்காவுக்குக் கன்னடம் பேச வரும். படிக்கும்போது எழுத்துக் கூட்டுவார். டீ நேரத்தில் போர்டுக்கு முன்னால் நின்று விரலை வைத்து முதல் வரியைத் தொடங்கியவர், நான் அந்தப் பக்கமாகப் போவதைப் பார்த்ததும் விரலை எடுத்துவிட்டார்.

"நீயே சொல்லீரு அம்மிணி. யாருக்கு?"

"சுசித்ராவுக்குங்கக்கா."

அக்கா தலையாட்டினார். 

"நல்ல புள்ள. கைப்பட்டியில மட்டும் கொஞ்சம் அவசரப்படுவா. உக்காந்து பாத்தா சரியாப் போகும்."

அடுத்த இடம் எப்போது காலியாகும் என்று கேட்பார் என்று நினைத்தேன். சாம்பிள் ரூமில் மற்ற ஐந்து பேருக்கும் வயது நாற்பதுக்குள்தான்.  அவர் கேட்கவில்லை. புடவையைக் கணுக்காலுக்கு மேலே கொஞ்சம் தூக்கி, இடது காலின் கட்டுத்துணியை அவிழ்த்து, இறுக்கி, மறுபடி கட்டினார். மணி அடித்தது. பாக்கியலட்சுமி அவருடைய டீ டம்ளரையும் சேர்த்து எடுத்துப்போனாள்.

ஆபீஸ் ஜன்னல் வழியாகச் செக்கிங் மேஜை தெரியும். அக்கா குவியலிலிருந்து ஒரு சட்டையை எடுத்து விளக்குக்குக் கீழே விரித்தார். காலர் பார்த்தார். முன்பட்டி பார்த்தார். ஒரு பொத்தானைச் சுண்டிப் பார்த்து அம்புக்குறி ஒட்டி ஓரமாகப் போட்டார். அடுத்ததை எடுத்தார். ஆறு மணிக்குள் பார்க்க வேண்டியது இன்னும் ஐந்நூறு சட்டை இருந்தது.